சீட்டு வாங்காமல் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்

உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவர்கள் இன்று கணிசமாக இருக்கிறார்கள். மனைக்குப் பிளான் வரைந்து கொடுப்பவர், கல்யாண வீடியோ எடிட் செய்து ஆல்பம் போடுபவர், நிலம் அளந்து வரைபடம் தயாரிப்பவர், ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவர் என்று பல தொழில்கள். இவர்களுடைய வேலைக்குச் சாதாரண லேப்டாப் தாங்காது. டெல் பிரிசிஷன், லெனோவோ திங்க்பேட் பி வரிசை, எச்பி இசட்புக் போன்ற வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்பைத்தான் தேடுகிறார்கள். புதிதாக வாங்கப்போனால் விலை லட்சத்தைத் தாண்டும். அதனால் கம்பெனிகள் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கழித்த மிஷின்தான் சென்னை ரிச்சி தெரு வழியாகவோ ஆன்லைனிலோ இங்கே வந்து சேர்கிறது. வந்த நாளிலிருந்தே ரேம் கூட்டுவது, எஸ்எஸ்டி மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, ஃபேன் சுத்தம் செய்வது என்று செலவும் தொடங்கிவிடும். இந்தச் செலவில் பணம் வீணாவதற்குத் தொழில்நுட்பம் தெரியாததே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொருள் கைமாறும் நேரத்தில் எழுத்தில் எதையும் வாங்காததுதான் பெரிய காரணம். சட்டம் வாடிக்கையாளருக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. நீட்டுவதற்குக் கையில் ஒரு சீட்டு இல்லாததால் அது பயன்படாமல் கிடக்கிறது.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். ‘நான் இதைத் தொழிலுக்கு வாங்கினேன், வீட்டு உபயோகத்துக்கு இல்லை, நுகர்வோர் கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து தன் பிழைப்புக்கு வழி தேடிக்கொள்வதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது. இந்த விளக்கத்தின் எல்லையை உச்ச நீதிமன்றம் 1995-இல் வகுத்துச் சொன்னது ஒரு தமிழ்நாட்டு மிஷினை ஒட்டி எழுந்த வழக்கில். கோவை பிஎஸ்ஜி தொழிற்கூடத்திடம் மிஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கு அது. நிறுவனம் தோற்றது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு தந்த உதாரணங்கள் சிறு தொழில் செய்பவர்களுக்கு இன்றுவரை கைகொடுக்கின்றன. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர். தானே இயக்கிப் பிழைக்க லேத் மிஷின் வாங்குபவர் நுகர்வோர். உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது. லேத் மிஷினுக்குப் பொருந்துவது, பிளான் வரையும் லேப்டாப்புக்கும் பொருந்தும். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டூடியோ நடத்துபவருக்கு இந்தக் கதவு திறப்பது கஷ்டம். தானே உட்கார்ந்து வேலை செய்பவருக்குத் தாராளமாகத் திறக்கும். புகார் எழுதும்போது ‘இது என் சுயதொழிலுக்கான கருவி, நானேதான் இயக்குகிறேன், குடும்பம் இதை நம்பியிருக்கிறது’ என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு எடுத்துவைக்கும் முதல் ஆட்சேபமே இதுவாகத்தான் இருக்கும்.

சர்வீஸ் கடைக்கும் இதே சட்டம் உண்டு. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு. ‘சும்மா பார்த்துத் தருகிறேன்’ என்று நட்புக்காகச் செய்துகொடுத்த வேலை இதில் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இலவசமாகச் செய்யும் சேவையைச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் அல்லது ரசீது தராமல் இருப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அந்தக் கெடு; எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள். ஆக, ‘இதற்கு டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான், கடையில் ஆன் ஆனால் அதோடு சரி’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, மறுவாரம் செத்துப்போன ரேமைத் திரும்ப வாங்க மறுப்பவர் பலமான இடத்தில் இல்லை. இதைவிடப் பழைய பாதுகாப்பு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு கடைக்காரருக்கும் ஒரு உரிமை கொடுக்கிறது: வேலை செய்த கூலியைத் தரும்வரை லேப்டாப்பைத் தன்னிடமே நிறுத்திவைக்கலாம். ஆகவே கூலித் தகராறு வந்தால் சட்டையைப் பிடிப்பதில் பயனில்லை. ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதித் தந்துவிட்டுப் பணத்தைக் கட்டி, மிஷினை மீட்ட பிறகு புகார் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மிஷினின் வயிற்றைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். திங்க்பேட் பி50, பி51, டெல் பிரிசிஷன் 7510, 7520 போன்ற மாடல்களில் ரேம் ஸ்லாட் 4 உண்டு. அடிமூடியைக் கழற்றினால் 2 ஸ்லாட்தான் கண்ணுக்குத் தெரியும். மற்ற 2 ஸ்லாட்டும் கீபோர்டுக்கு அடியில் மறைந்திருக்கும். கீபோர்டைத் தூக்கினால்தான் தெரியும். இதனால் இரண்டு விதமாகப் பணம் போகலாம். கீழே 2 ஸ்லாட் மட்டும் பார்த்த கடைக்காரர், ‘ஸ்லாட் ஃபுல், இருக்கிற ரேமை எடுத்துவிட்டுப் பெரிய ரேம்தான் போட வேண்டும்’ என்பார். காலியான ஸ்லாட் கீபோர்டின் கீழே சும்மா இருக்கும். இன்னொன்று, கீபோர்டுக்கு அடியில் இருந்த ரேம் வேறாக மாறி வந்தாலும் வாடிக்கையாளர் அடிமூடியை மட்டும் திறந்து பார்த்துத் திருப்தியாகிவிடுவார். மொத்த ஜிபி சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் ஏமாற்றம்தான். கம்பெனி ரேம் போய் பெயரில்லாத ரேம் அதே அளவில் உட்கார்ந்திருக்கலாம். 2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை உலகச் சந்தையில் ஏறியதால் பழைய ரேமுக்கும் மவுசு கூடியிருக்கிறது. அதனால் கொடுக்கும்போது லேப்டாப்பின் சீரியல் நம்பர், ரேம் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டியின் பிராண்டும் அளவும், பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண், அடாப்டர் கூடக் கொடுத்தோமா இல்லையா, ஸ்க்ரீனிலும் கீல்களிலும் ஏற்கெனவே உள்ள கீறல், சொன்ன குறை, சொன்ன தொகை, தருவதாகச் சொன்ன தேதி ஆகியவை சீட்டில் ஏற வேண்டும். ‘டெல் லேப்டாப் 1, நோ டிஸ்ப்ளே’ என்று இரண்டு வார்த்தை எழுதிக் கிழித்துத் தரும் சீட்டு, பொருளைத் திரும்ப வாங்க உதவும். அதற்கு மேல் எதையும் நிரூபிக்காது.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். ஊர்க் கடைக்காரர் தெரிந்தவர், பக்கத்துத் தெரு. அவரிடம் போய் ‘எழுதிக் கொடுங்கள்’ என்றால் நம்பாததுபோல் ஆகாதா? போதாக்குறைக்கு அவர் பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், சின்னக் கடையை நாமே நசுக்கியதாகிவிடும் என்றும் சொல்வார்கள். ஜிஎஸ்டி கதை பெரும்பாலும் தவறான புரிதல். சேவை மட்டும் செய்யும் கடையின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் பதிவு செய்யவே பொதுவாகத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. வரி போடாத சாதாரண ரசீது தருவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. பதிவு செய்த கடை என்றால் வரி கட்ட வேண்டியதுதான். ‘பில் வேண்டாம் என்றால் குறைத்துக்கொள்கிறேன்’ என்ற சலுகையில் வாடிக்கையாளர் மிச்சப்படுத்தும் தொகை, வாரண்டியை விற்றுப் பெற்ற தொகை. அவமரியாதை என்ற பேச்சுக்கு வருவோம். கணக்கு ஒப்படைக்காதவரும் அவர் உறவினரும் சபையின் வாரியங்களில் உறுப்பினராகக் கூடாது என்று 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. எழுதிக் கேட்பது இந்த ஊருக்குப் புதுப் பழக்கம் அல்ல! உண்மையில் சீட்டு கடைக்காரரையும் காப்பாற்றுகிறது. ‘கொடுக்கும்போது ஸ்க்ரீன் நன்றாகத்தான் இருந்தது’ என்று வாடிக்கையாளர் சொல்லும் பொய்யிலிருந்து அவரைக் காப்பது அந்தக் கீறலைக் குறித்துவைத்த வரிதான். அவரிடம் சீட்டுப் புத்தகமே இல்லை என்றால் வாட்ஸ்அப் போதும்: மிஷினைக் கவுண்டரில் வைத்து நான்கு படம், விவரம் எழுதிய ஒரு செய்தி, அவரிடமிருந்து ‘சரி’ என்ற பதில். யுபிஐயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் ‘16 ஜிபி ரேம், 1 வருட வாரண்டி’ என்று போட்டு அனுப்புங்கள். வெறும் யுபிஐ பதிவு பணம் போனதைச் சொல்லும், எதற்குப் போனது என்று சொல்லாது.

எதை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வருவோம். இந்த மிஷின்கள் மெதுவாகிவிட்டன என்று சொன்னதும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘ரேம் போடுங்கள்’. பல நேரம் ரேமுக்கும் அந்த மந்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. பல வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்களின் அடாப்டர் 170 முதல் 240 வாட் வரை இருக்கும். அது தொலைந்தோ பழுதாகியோ, மலிவாகக் கிடைத்த 65 அல்லது 90 வாட் அடாப்டரைச் செருகினால், மிஷின் ஆன் ஆகும், ஆனால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டெல் மிஷினில் அடாப்டரை அடையாளம் காணும் சிப் வேலை செய்யாவிட்டாலும் இதே கதை: பேட்டரி ஏறாது, பிராசசர் நொண்டும். இன்னொரு காரணம் சூடு. உத்திரமேரூர் வட்டத்தில் நெல் அறுவடைத் தூசும் உண்டு, கல்குவாரி, கிரஷர் தூசும் உண்டு. ஹீட் சிங்கின் துடுப்புகளுக்குள் அது கம்பளிபோல் படிந்துவிட்டால் பிராசசர் 100 டிகிரியை நெருங்கும், உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது ரேமைவிட மிக மலிவான வேலை. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றில் வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். ரேம்தான் தேவை என்று உறுதியானாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஜியான் பிராசசர் உள்ள மிஷினில் இசிசி என்ற பிழை திருத்தும் ரேம் இருக்கலாம். அதனுடன் சாதாரண ரேமைக் கலந்து போடக் கூடாது. இப்போது இருப்பது எந்த வகை என்று பார்த்துச் சொல்லாமல் ரேம் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

அப்கிரேடு செய்வதே வீணாகிப்போகும் ஓர் இடமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசராவது வேண்டும். மேலே சொன்ன பி50, பி51, 7510, 7520 எல்லாம் 6, 7-ஆம் தலைமுறை மிஷின்கள். இன்று அவை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித்தரும் கடைகள் இருக்கின்றன. வேலை செய்யவும் செய்யும். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது, நாளை ஒரு அப்டேட் வராமல் போனால் கடைக்காரரும் பொறுப்பேற்க மாட்டார். லினக்ஸில் வேலை செய்ய முடிந்தவர்களுக்கு அந்தப் பழைய மிஷின் இன்றும் அருமையான மிஷின். ஆட்டோகேடும் போட்டோஷாப்பும் நம்பியிருப்பவர் அதில் மேலும் பணம் கொட்டுவதற்கு முன் இருமுறை யோசிக்கலாம். விற்பவர் இந்த விவரத்தை மறைத்து ‘விண்டோஸ் 11 சப்போர்ட் உண்டு’ என்று பில்லிலோ விளம்பரத்திலோ எழுதியிருந்தால், அது தவறான தகவல் தந்து விற்றதாகும். பொருளின் தரம், தகுதி பற்றிய தகவலை அறிவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளில் ஒன்று.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது வரும் ஆபத்து பணத்தோடு நிற்காமல் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகலாம். கம்பெனி மிஷின்களில் பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருப்பார்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோவின் அதிகாரபூர்வமான பதில். சில மிஷின்கள் பழைய கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட்டில் பதிவாகியே இருக்கும். விண்டோஸைப் புதிதாக ஏற்றி இன்டர்நெட்டில் இணைத்ததும் அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்கும். இப்படிக் கேட்கும் மிஷின் முறையாகக் கழிக்கப்பட்டதா, திருடப்பட்டதா என்பது விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கிவைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். சீரியல் நம்பர் போட்ட பில்தான் இங்கே உங்கள் கவசம். பணம் கொடுப்பதற்கு முன்பே விண்டோஸை ரீசெட் செய்து, மொபைல் இன்டர்நெட்டில் இணைத்து, லாகின் கேட்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். விற்பவர் ‘நேரமாகும்’ என்றால் உட்கார்ந்து டீ குடிக்கலாம். ‘வாரண்டி இருக்கு’ என்றால் சீரியல் நம்பரையோ டெல்லின் சர்வீஸ் டேகையோ அந்தந்தக் கம்பெனி தளத்தில் போட்டால் கடைசித் தேதி தெரிந்துவிடும். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி என்றால் 603406 என்ற உத்திரமேரூர் பின்கோடுக்கு அது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

வாரண்டி என்றதும் எல்லோரையும் மிரட்டும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: ‘வெளியில் திறந்தால் வாரண்டி போச்சு.’ இது அப்படியே உண்மை இல்லை. இந்த மிஷின்களைச் செய்யும் டெல், லெனோவோ, எச்பி மூன்றுமே ரேமும் எஸ்எஸ்டியும் பேட்டரியும் எப்படிக் கழற்றிப் பூட்டுவது என்று படம் போட்ட சர்வீஸ் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. திறக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திறந்ததற்காகவே வாரண்டியை மறுப்பது முரண். திறக்கும்போது உடைத்த பாகத்துக்கு வாரண்டி கிடைக்காது என்பது நியாயம். ரேம் மாற்றியதற்காக ஸ்க்ரீனில் விழுந்த கோட்டுக்கு வாரண்டி இல்லை என்பது நியாயம் இல்லை. இதையே இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் கார் கம்பெனிகள் விஷயத்தில் சொன்னது. உதிரிபாகங்களை வெளிக் கடைகளுக்குத் தராமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அந்த உத்தரவில், வெளியாளிடம் சரிசெய்தால் வாரண்டி மொத்தமாக ரத்து என்ற நிபந்தனை கூடாது, வெளியாளின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. இந்த இடத்தில் அளவோடு பேச வேண்டும். அது கார்களைப் பற்றிய உத்தரவு, மேல்முறையீட்டுக்கும் போனது. இதை லேப்டாப்புக்கு நேரடியாகக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. அமெரிக்காவில் 1975 முதலே இதற்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் அடக்கம். நல்ல தொடக்கம்தான், ஆனால் தளத்தைச் சட்டமாக்கும் வேலை பாக்கி. அதுவரை, வாரண்டி மறுக்கப்பட்டால் எந்தப் பாகத்தில் என்ன சேதத்தால் மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதே வழி. காரணம் சொல்ல முடியாத மறுப்பு, நுகர்வோர் ஆணையத்தின் (நுகர்வோர் கோர்ட்) முன் நிற்பது கஷ்டம்.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, கிளிக் விழவில்லை, அடிமூடி ஒரு பக்கம் உப்பியிருக்கிறது என்றால் பேட்டரி வீங்கிவிட்டது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு வெளியே எடுக்க வேண்டும். அழுத்திப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் தீ விபத்தை விலைக்கு வாங்குவது. மாற்றுப் பேட்டரியும் அடாப்டரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு பெற்றிருக்க வேண்டும். லேபிளில் ஆர் என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் அது யாருக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது என்று காட்டும். எண் இல்லாத, அல்லது வேறு பொருளின் எண் ஒட்டிய பேட்டரியை ‘ஒரிஜினல்’ என்று விற்றால் அந்த லேபிளின் படமே ஆதாரம். எந்நேரமும் கரண்டிலேயே வைத்து வேலை செய்பவர்கள் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டுக்கொண்டால் பேட்டரி கூடுதல் காலம் வரும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜுக்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது திடீர் உயர் மின்னழுத்தத்துக்கும் இடிக்கும்தான். மழைக்காலத்தில் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. மிஷினின் உலோக உடம்பில் கை வைத்தால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறது என்றால் பெரும்பாலும் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. அதற்கு லேப்டாப் கடைக்குப் போகாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுப் படம், வாடிக்கையாளரின் பத்திர நகல், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில்தான் இருக்கின்றன. ரேம் மாற்றவும் ஃபேன் சுத்தம் செய்யவும் கடைக்காரருக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு தேவையே இல்லை. முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு மிஷினை மட்டும் கொடுக்கலாம். அனுமதி இல்லாமல் நேர்மையற்ற நோக்கத்தோடு தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கக்கூடிய குற்றம். இது நடந்தால் மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் தரலாம். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். அதே நேரம் டேட்டா போய்விட்டது என்று கடைக்காரர் மேல் வழக்குப் போடுவது எளிதல்ல. பேக்கப் எடுத்தீர்களா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ‘எட்டாயிரம் ரூபாய்க்காகக் கோர்ட்டுக்கு அலைவதா?’ என்ற கேள்வி வரும். முன்பு அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில்தான் பொதுவாக வழக்குப் போட வேண்டியிருந்தது. ரிச்சி தெருவில் வாங்கியவர் சென்னைக்கு அலைய வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வீடியோ கான்பரன்ஸில் விசாரணை கேட்கலாம். பாகத்தைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஆணையமே சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைத் தாண்டி இழுப்பது உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. அதனால் முதல் படி ஆணையமாக இருக்க வேண்டியதில்லை. கடைக்கோ கம்பெனிக்கோ 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பெரிய கம்பெனிகளும் ஆன்லைன் தளங்களும் இந்தக் கட்டத்தில் இறங்கிவருவது உண்டு. ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. வக்கீல் உதவி தேவைப்படும் பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் இலவசமாக அணுகலாம்.

‘இந்தத் தொல்லைக்குப் புதிதே வாங்கிவிடலாமே’ என்பவர்களுக்கு வசதி இருந்தால் வாங்கட்டும். ஆனால் புது மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும். வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். பழைய வொர்க்ஸ்டேஷன் தடிமனாக இருப்பதே அதைத் திறந்து மாற்ற முடிவதற்கான விலை. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை லேப்டாப் போனது; அதைச் சரிசெய்யும் கையும் கூடவே வளர்ந்தது என்பது என் கணிப்பு. அந்தக் கைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவர்களில் ஒழுங்காக வேலை செய்பவரைப் பில் கேட்டால் முகம் சுளிப்பவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் அந்தச் சீட்டுதான்.

குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால்தான் ஏற்பார்கள். இப்போது யாருடைய லேப்டாப்பாவது சீட்டு இல்லாமல் சர்வீஸ் கடையில் இருந்தால் இன்றே அந்தக் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: என்ன மாடல், சீரியல் நம்பர், உள்ளே என்ன இருந்தது, என்றைக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு பேசினீர்கள். சீரியல் நம்பர் தெரியாவிட்டால் வாங்கிய பில்லிலோ பெட்டியின் மேலோ இருக்கும்.